டெனரும் பியானோவும்: ஷூமானின் ‘டிஷ்டர்லீபே’யை முதன்முதலாகக் கேட்பது எப்படி?

மேடையில் ஒரு டெனர் (உயர்ந்த ஸ்தாயி ஆண் குரல்) பாடகர், ஒரு பியானோ கலைஞர். வேறு யாரும் இல்லை, மைக்கும் கிடையாது. இந்த வகைக் கச்சேரிக்குப் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் ‘டிஷ்டர்லீபே’யைத்தான். ‘கவிஞனின் காதல்’ என்று அர்த்தம். 16 பாடல்கள், ஏறக்குறைய அரை மணி நேரம்.

1. கவிதைகளை முதலில் படியுங்கள். ஹைன்ரிஷ் ஹைனே எழுதியவை, பெரும்பாலும் சின்னச் சின்னக் கவிதைகள். மொழிபெயர்ப்பே போதும். மே மாதத்தில் காதல் அரும்புகிறது. காதலி வேறொருவனை மணக்கிறாள். கடைசியில் அவன் பழைய பாட்டுகளையெல்லாம் சவப்பெட்டியில் போட்டுக் கடலில் இறக்கச் சொல்கிறான். ஷூமான் இதற்கு இசையமைத்த 1840 மே மாதத்தில், கிளாராவை மணப்பதற்காக அவளுடைய அப்பாவோடு கோர்ட்டில் போராடிக்கொண்டிருந்தார்.

2. ஒரு நல்ல பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ் பாட, ஹூபர்ட் கீசன் வாசித்தது என் தேர்வு.

3. முதல் பாட்டில் குரலை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கவனியுங்கள். பாட்டு வந்து சேர வேண்டிய சுரத்தில் சேராமல் அப்படியே நின்றுவிடும். வார்த்தைகள் வசந்தத்தைப் பாடும்போதே பியானோவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தொகுப்பு முழுக்க, பாடகன் சொல்லாததைச் சொல்வது பியானோதான்.

4. ஏழாவது பாட்டில் இதை உடனே பிடித்துவிடலாம். “உன்மேல் எனக்குக் கோபமில்லை” என்று அவன் பாடிக்கொண்டே இருக்கிறான். பியானோவோ விடாமல் அடித்து முழக்குகிறது.

5. 13ஆம் பாட்டை இரண்டு மூன்று முறை கேளுங்கள். கனவில் அழுததைச் சொல்லும் பாட்டு. பாடகர் தனியாகப் பாடுவார், பியானோ மௌனம். அவர் நிறுத்தியதும் ஓரிரு வறண்ட ஒலிகள், மறுபடி மௌனம். முதல் கனவில் அவள் கல்லறையில். இரண்டாவதில் அவனை விட்டுப் போகிறாள். மூன்றாவதில் அவள் இன்னும் அன்பாகவே இருக்கிறாள். அங்கேதான் பியானோ குரலோடு சேர்கிறது, அங்கேதான் அழுகை உச்சம். இவ்வளவு குறைந்த சுரங்களில் இவ்வளவு துக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

6. அரங்கில் கேட்க வாய்த்தால், நம் கச்சேரிகளைப் போல ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்ட வேண்டாம். 16ம் முடிந்த பிறகுதான். பாட்டு நடுவில் பாடல் வரிகள் உள்ள காகிதத்தைப் புரட்டாதீர்கள், அந்தச் சரசரப்பு மேடை வரை கேட்கும்.

7. கடைசிப் பாட்டில் பாடகர் முடித்த பிறகும் பியானோ தனியே வெகுநேரம் வாசிக்கும். இந்த இசையை எங்கேயோ கேட்டோமே என்று தோன்றும். வீட்டுக்கு வந்து 12ஆம் பாட்டின் முடிவைப் போட்டுப் பாருங்கள். “எங்கள் சகோதரியைக் கோபித்துக்கொள்ளாதே” என்று பூக்கள் அவனிடம் கெஞ்சும் பாட்டு அது.