கர்ப்பகால ஆய்வுச் செய்தி ஒன்றைச் சரியாகப் படிப்பது எப்படி?

தங்கை மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கர்ப்பிணிகள் தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தச் சிக்கல் 62 சதவீதம் குறையும் என்று வெளிநாட்டு ஆய்வு சொல்வதாக அதில் எழுதியிருந்தது. மறுநாள் காலையிலேயே அத்தை மருந்துக்கடைக்குப் போய் ஓர் அட்டை மாத்திரை வாங்கி வந்துவிட்டார். அவருடைய அக்கறையில் குறை காண ஒன்றுமில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இதைப் போடலாமா?” என்று தங்கை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தேன். அப்போது கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். மருத்துவம் படிக்காதவர்களும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதைச் செய்ய முடியும்.

முதல் வேலை, செய்தியை விட்டுவிட்டு ஆய்வைக் கண்டுபிடிப்பது. ஆய்வின் பெயர், வெளியான இதழ், ஆண்டு ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தால்கூடப் போதும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தளத்தில் அதன் சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லாத செய்தியை அங்கேயே ஒதுக்கிவிடுவது நல்லது. எங்களுக்கு வந்த செய்தியின் பின்னால் இருந்தது ஆஸ்ப்ரே என்ற ஆய்வு; 2017 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. சுருக்கத்தைத் திறந்ததும் பலர் கடைசியில் உள்ள முடிவுரைக்குத் தாவுகிறார்கள். நான் அதைக் கடைசியாகவே படிப்பேன். ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் பகுதியில்தான் நமக்கு வேண்டிய பெரும்பாலான விஷயங்கள் இருக்கின்றன.

அந்தப் பகுதியில் முதலில் தேட வேண்டியது, ஆய்வில் இருந்த பெண்கள் யார் என்பதை. ஆஸ்ப்ரேயில் ஆறு நாடுகளின் 13 மருத்துவமனைகளில், ஒற்றைக் குழந்தையைச் சுமந்த 26,941 பெண்களை 11 முதல் 13 வாரத்துக்குள் பரிசோதித்தார்கள். தாயின் உடல்நல வரலாறு, ரத்த அழுத்தம், கருப்பைக்குச் செல்லும் ரத்தக்குழாயின் டாப்ளர் ஸ்கேன், ரத்தத்தில் உள்ள இரண்டு புரதங்களின் அளவு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், 2,971 பேருக்கு மட்டுமே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. அதாவது நூற்றுக்குப் பதினொரு பேர். அவர்களிலும் சம்மதித்த 1,776 பேர்தான் மாத்திரை ஆய்வுக்குள் வந்தார்கள். மீதி எண்பத்தொன்பது சதவீதப் பெண்களைப் பற்றி இந்த ஆய்வின் மாத்திரைக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. குழுவில் வந்த செய்தியோ “கர்ப்பிணிகள்” என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட்டது.

அடுத்தது, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பது. தானாகவே மாத்திரை போட்டுக்கொண்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்டால் அந்தக் கணக்கு ஏமாற்றும். தானாகப் போடுகிறவர் பெரும்பாலும் வசதியுள்ளவராக, மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிறவராக இருப்பார். ஆஸ்ப்ரேயில் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல யார் எந்தக் குழு என்பதைக் கணினி தீர்மானித்தது. ஒரு குழுவுக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மற்றொரு குழுவுக்கு அதேபோலத் தோற்றமளிக்கும் மருந்தில்லாத மாத்திரையும் தினமும் இரவில், 36 வாரம் வரை கொடுத்தார்கள். எது யாருக்கு என்பது தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தனக்குக் கிடைப்பது வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம் என்று அறிந்தே கையெழுத்திட்ட அந்தப் பெண்களை இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் சம்மதிக்காவிட்டால் இன்று நமக்கு ஊகம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மூன்றாவதாக, எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். மருத்துவர்கள் ப்ரீஎக்ளாம்ப்சியா என்று சொல்லும் முன்சூல்வலிப்பு, பொதுவாகக் கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு வருவது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, அதனுடன் சிறுநீரில் புரதம் இறங்கும், அல்லது சிறுநீரகம், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகள் பாதிக்கப்படும். பொதுவாகப் பிரசவமே அதற்கு முடிவு. அதனால்தான் சீக்கிரம் வந்தால் குழந்தையைக் குறைமாதத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிட்ட முன்சூல்வலிப்பைத்தான் ஆஸ்ப்ரே தன் முதன்மை விளைவாக வைத்துக்கொண்டது. மாதம் நிறைந்த பிறகு வரும் முன்சூல்வலிப்பை ஆஸ்பிரின் குறைத்ததாகத் தெரியவில்லை. இந்த வேறுபாடு செய்தியில் காணாமல் போயிருந்தது.

முதன்மை விளைவு சில ஆய்வுகளில் பலவற்றின் கூட்டாக இருக்கும்; அங்கே இன்னும் கவனம் தேவை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஈமோட்டிவ் ஆய்வில், பிரசவித்த தாயின் அடியில் அளவுக்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, வழியும் ரத்தத்தை அளந்து, எல்லை தாண்டியதும் சிகிச்சைகளை ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. மிகப் பெரிய சாதனை இது. ஆனால் குறைந்ததில் பெரும்பங்கு கடும் ரத்தப்போக்கு. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் குழுக்களுக்கிடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. கூட்டு விளைவைக் கண்டால் அதன் உறுப்புகளைத் தனித்தனியே பாருங்கள்.

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தில் வரும் எந்தக் குறைவையும் நான் முதலில் தலைக்கணக்காக மாற்றுவேன். ஆஸ்ப்ரேயில் ஆஸ்பிரின் குழுவின் 798 பேரில் 13 பேருக்கும், வெறும் மாத்திரைக் குழுவின் 822 பேரில் 35 பேருக்கும் அந்த விளைவு நேர்ந்தது. முதலாவது 1.6 சதவீதம், இரண்டாவது 4.3 சதவீதம். ஆபத்து அதிகமுள்ள ஆயிரம் பெண்கள் மாத்திரை போடாவிட்டால் 43 பேர், போட்டால் 16 பேர். தப்பியவர்கள் 27 பேர். அதாவது ஏறக்குறைய 37 பெண்கள் மாதக்கணக்கில் மாத்திரை போட்டால் அவர்களில் ஒருவர் இந்தச் சிக்கலிலிருந்து தப்புகிறார். என் கண்ணுக்கு இது சிறிய பயன் அல்ல. ஒரு தாய்க்கும் குறைமாதத்தில் பிறக்கவிருந்த ஒரு குழந்தைக்கும் எவ்வளவு பெரிய விஷயம்! ஆயினும் 62 என்ற எண்ணைத் தனியாகக் கேட்பவர், மாத்திரை போட்டால் நூற்றில் அறுபத்திரண்டு பேர் தப்புவார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எண்ணினார்கள்.

அந்த 62 என்பதும் ஒரு கணிப்பே. கட்டுரையில் அதை 0.38 என்ற விகிதமாக எழுதி, பக்கத்திலேயே 0.20 முதல் 0.74 வரை என்று ஒரு நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, கொடுத்திருக்கிறார்கள். இந்த விகிதம் 1 என்றால் இரு குழுக்களுக்கும் ஆபத்து சமம். உண்மையான குறைவு 80 சதவீதமாகவும் இருக்கலாம், 26 சதவீதமாகவும் இருக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இடைவெளி 1 என்ற எண்ணைத் தாண்டிப் போயிருந்தால், மருந்தால் பயன் இருந்ததா என்பதே சந்தேகமாகிவிடும்.

ஒரே ஓர் ஆய்வை, அதுவும் சிறிய ஆய்வை, நம்பி இறங்கக்கூடாது என்பதற்கு வைட்டமின் கதை சாட்சி. 1999இல் பிரிட்டனில் 283 பெண்களிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் சி, ஈ இரண்டையும் சாப்பிட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கும் சாப்பிடாதவர்களில் 17 சதவீதத்தினருக்கும் முன்சூல்வலிப்பு வந்தது. பாதிக்குப் பாதி! கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். அதே கேள்வியை 2,410 பெண்களிடம் மறுபடி கேட்டு 2006இல் லான்செட் இதழில் வெளியிட்டபோது, இரு குழுக்களிலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. அதோடு வைட்டமின் குழுவில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்திருந்தார்கள். சத்து மாத்திரைதானே என்று எளிதாக எடுத்துக்கொள்ளும் நமக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு மருந்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் வரும் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்தாலே போதும். வட்டத்துக்குள் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அதுதான் வேறுபாடே இல்லை என்னும் எல்லை. அதன் குறுக்கே படுத்திருக்கும் ஒவ்வொரு கோடும் ஓர் ஆய்வு. கோடு நீளமாக இருந்தால் அந்த ஆய்வு சிறியது, அதன் முடிவு உறுதியற்றது. குட்டையாக இருந்தால் உறுதி கூடியது. நடுக்கோட்டின் இடப்பக்கம் விழுந்தால் சிகிச்சையால் நன்மை. பெரும்பாலான கோடுகள் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நிற்கின்றன. தனித்தனியே பார்த்தவர்கள் பயன் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்த கணக்கான கீழே உள்ள சிறிய வைரக்கட்டம் தெளிவாக இடப்பக்கம் விலகி நிற்கிறது.

அந்தச் சின்னம் அலங்காரத்துக்காக வரைந்ததில்லை; அதில் உள்ள கோடுகள் ஓர் ஊசியைப் பற்றிய உண்மையான ஆய்வுகள். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹௌவி ஆகிய இருவரும் 1972இல் காட்டினார்கள். அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தபோதும் அவற்றை முறையாகத் தொகுத்த வெளியீடு 1989இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஊசி கிடைக்காமலே எத்தனையோ குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அதே ஊசி இன்னொரு பாடத்தையும் தருகிறது: ஆய்வு நடந்த இடம் நம் இடத்தைப் போன்றதா என்று கேட்க வேண்டும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் வரை இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து எண்ணியபோது பச்சிளங்குழந்தை இறப்பு ஊசியைப் பரவலாக்காத பகுதிகளில் ஆயிரத்துக்கு 23.9 ஆகவும், பரவலாக்கிய பகுதிகளில் 27.4 ஆகவும் இருந்தது. பின்னர் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில், கர்ப்ப வாரத்தை ஸ்கேன் மூலம் உறுதிசெய்யவும் குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கவும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில் பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரே வகை மருந்துதான். யாருக்கு, எங்கே, எந்த வாரத்தில் என்பவை முடிவையே மாற்றிவிட்டன.

இவ்வளவும் படித்து முடித்தபின் செய்ய வேண்டியது மருத்துவரிடம் எடுத்துச் செல்வது. ஆய்வின் பெயரையும் உங்கள் சந்தேகத்தையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் நினைவிலிருந்து கேட்பது கடினம். “டாக்டர், முன்சூல்வலிப்பு வரும் ஆபத்து எனக்கு அதிகமா? அதிகமென்றால் ஆஸ்பிரின் வேண்டுமா, எந்த அளவில், எந்த வாரத்திலிருந்து எந்த வாரம் வரை?” என்று கேட்டால் போதும். முந்தைய கர்ப்பத்தில் இதே சிக்கல் வந்திருந்தாலோ, ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) இருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ மறக்காமல் சொல்லுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் எளிதில் கசியும் தன்மை ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். அளவும் ஒன்றுபோல இல்லை: உலக சுகாதார நிறுவனம் 75 மில்லிகிராம் என்கிறது, அமெரிக்காவில் 81, பிரிட்டனில் 75 முதல் 150 வரை.

தங்கையைப் பார்த்த மருத்துவர், எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டார்: “உங்க அம்மாவுக்குப் பிரசவத்தில் பிரஷர் இருந்ததாம்மா?” இருந்தது. தங்கைக்கு முதல் பிரசவம், தாய்க்கும் இதே சிக்கல் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் ஆஸ்பிரினே எழுதிக்கொடுத்தார். அளவையும் நிறுத்த வேண்டிய வாரத்தையும் சீட்டில் குறித்தார். அத்தை வாங்கி வந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது அதில் 325 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது.

ஒரு சூழ்நிலையில் மட்டும் எந்த ஆய்வையும் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது பூச்சி பறப்பதுபோலத் தெரிவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு குறைவது, ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். முன்சூல்வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும், ஆறு வாரம் வரைகூட, வரக்கூடும் என்பதால், குழந்தை பிறந்து வீடு திரும்பியவர்களும் இந்த அறிகுறிகளோடு போகும்போது எந்தத் தேதியில் பிரசவம் ஆனது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.