பழைய பாடகர், புது ஆல்பம்: கருத்துச் சொல்லும்போது நாம் சறுக்கும் இடங்கள்

நீல் டயமண்டின் ‘12 சாங்ஸ்’ ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸ் பஸ், காதில் மலிவு விலை இயர்போன், ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன். நாலாவது பாட்டு முடிவதற்குள், இந்தப் பாடகரை எனக்கு அறிமுகப்படுத்திய மாமாவுக்கு போன் போட்டேன்.

“என்ன மாமா, உங்க ஆளு குரலே எழும்பல. பாடறாரா, பேசறாரான்னு தெரியல.”

“எங்க உக்காந்து கேக்கற மாப்ள?”

“பஸ்ல.”

“வீட்டுக்குப் போய்க் கேளு. அப்புறம் பேசு.” வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் செய்த தவறுகளை இப்போது எண்ணிப் பார்த்தால் இரண்டு மூன்றாவது தேறும். வயதான பாப் பாடகர்கள் நிதானமான ஆல்பம் ஒன்றை வெளியிட்டால் ரசிகர்கள் அதைப் பற்றிப் பேசும் விதத்தில் இதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘12 சாங்ஸ்’ நல்ல உதாரணம். இந்த ஒரே ஆல்பத்துக்குத் தவறான காரணங்களுக்காகப் பாராட்டும் கிடைத்தது, தவறான காரணங்களுக்காகத் திட்டும் கிடைத்தது.

டயமண்டைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. நியூயார்க்கில் 1941-ல் பிறந்தவர். அறுபதுகளில் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். மங்கீஸ் குழு 1966-ல் பாடிப் பெரும் ஹிட் ஆக்கிய ‘ஐம் எ பிலீவர்’ அவர் எழுதியதுதான். எழுபதுகளில் ஜிகினா சட்டை, பெரிய ஆர்கெஸ்ட்ரா, நிரம்பி வழியும் அரங்கம் என்று வேறு ஆளாக ஆகிவிட்டார். லாஸ் ஏஞ்சலீஸின் கிரீக் தியேட்டரில் 1972-ல் பதிவான ‘ஹாட் ஆகஸ்ட் நைட்’ கச்சேரி ஆல்பம் அந்தக் காலத்துக்கு அடையாளம். மாமாவிடம் இருந்த கேசட்டும் அதுதான். 2005 நவம்பர் 8-ம் தேதி ‘12 சாங்ஸ்’ வந்தபோது அவருக்கு 64 வயது. இதில் ஜிகினா கிடையாது. அகூஸ்டிக் கிட்டார்கள், கொஞ்சம் பியானோ, கொஞ்சம் ஆர்கன், மைக்குக்கு மிக அருகில் ஒரு குரல். தாளம் போட்டு ஆட்டுவிக்கும் டிரம்ஸைத் தேடினால் ஏமாற்றம்தான்.

எங்கே கேட்டோம் என்பதை மறப்பது

இது என் தவறு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் நம் காது அடித்தள ஒலிகளைத்தான் முதலில் இழக்கும். டயமண்டுடையது கனத்த பாரிடோன் குரல். அதன் உடம்பே கீழ்ஸ்தாயியில்தான் இருக்கிறது. பஸ் இன்ஜின் உறுமும் இடமும் ஏறக்குறைய அதே பகுதி. ஆக, குரலின் பாதியை இன்ஜின் தின்றுவிட, மிச்சமிருந்த கரகரப்பை மட்டும் கேட்டுவிட்டு “குரல் எழும்பவில்லை” என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஆட்டம்போட வைக்கும் பாட்டு டீக்கடை ஸ்பீக்கரிலும் தப்பித்துக்கொள்ளும். இந்த மாதிரி ஆல்பம் தப்பிக்காது. இரவில், அறையில், ஒருமுறை முழுதாகக் கேட்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

“குரல் போச்சு”

மூத்த பாடகர்களைப் பற்றி அதிகமாகச் சொல்லப்படுவதும் இதுதான், யோசிக்காமல் சொல்லப்படுவதும் இதுதான். ‘போச்சு’ என்றால் எது போனது? உச்சஸ்தாயி எட்டவில்லையா? சுருதி விலகுகிறதா? நீண்ட வரிக்கு மூச்சுப் போதவில்லையா? இல்லை, குரலின் நிறம் மட்டும் மாறியிருக்கிறதா? நாலும் வேறு வேறு. முதலாவதை ஸ்தாயியை இறக்கி வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் உண்மையான குறைகள். நாலாவது குறையே இல்லாமல் இருக்கலாம்.

கனடாப் பாடகி ஜோனி மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘போத் சைட்ஸ், நவ்’ பாட்டை 1969-ல் இருபத்தைந்து வயது சொச்சத்தில், கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டியது மாதிரி ஒரு குரலில் பதிவு செய்தார். அதே பாட்டை 2000-ல் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். குரல் எவ்வளவோ இறங்கியிருந்தது, புகையேறி இருந்தது. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பாட்டு அது. இருபத்தைந்து வயதில் அதைப் பாடுவது அழகு. ஐம்பத்தாறில் பாடும்போது பாட்டின் அர்த்தமே வேறாகிவிடுகிறது. குரல் மாறியதை மட்டும் கவனித்தவருக்கு இந்த வித்தியாசம் காதில் விழாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குரலில் ஏதோ சரியில்லை என்று பட்டதும் சோம்பல், குடி, அக்கறையின்மை என்று காரணம் கற்பிப்பது. அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் இனித் தன்னால் பாட முடியாது என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். முதலில் பார்க்கின்சன் என்றார்கள். பிறகு அதை ஒத்த இன்னொரு நரம்பு நோய் என்று தெரிந்தது. 2000-ஐ ஒட்டியே குரல் சொன்னபடி கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அதாவது கடைசி ஆல்பங்களில் அவர் போராடிக்கொண்டிருந்தது எதோடு என்று அவருக்கே அப்போது தெரியாது. இசையைக் கேட்டு நோயைக் கணிக்க நம்மால் ஆகாது. டயமண்டும் 2018 ஜனவரியில் பார்க்கின்சன் காரணமாகக் கச்சேரிப் பயணங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதற்குப் பிறகு ‘12 சாங்ஸ்’ கேட்பவர்கள் சிலர், “அப்பவே குரல்ல நடுக்கம் தெரியுதே” என்கிறார்கள். பதின்மூன்று வருட இடைவெளி ஐயா. தெரிந்த முடிவை முன்கூட்டியே காதுக்குள் திணித்துக்கொள்கிறோம்.

“மியூசிக் யாரு?”

தமிழ் சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி இயல்பு. பாட்டு இசையமைப்பாளருடையது, பாடகர் அதைப் பாட வந்தவர். இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமெரிக்க பாப்பைப் பார்த்தால், அட்டையில் ‘தயாரிப்பாளர்’ என்று போட்டிருப்பவரை இசையமைப்பாளர் என்று எடுத்துக்கொள்வோம். அங்கே அந்த வேலை வேறு. பதிவு எப்படி இருக்க வேண்டும், யார் வாசிக்க வேண்டும், எந்தப் பாட்டு சேர வேண்டும், பல தடவை பாடிப் பதிந்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர் அவர். பாட்டை எழுதியவர் வேறொருவராக இருக்கலாம்.

‘12 சாங்ஸ்’ விஷயத்தில் நாம் மட்டுமல்ல, அமெரிக்கர்களே இப்படித் தடுக்கி விழுந்தார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின். ராப் இசை நிறுவனமான டெஃப் ஜாமைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1994-லிருந்து கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷை வைத்து ஒரு கிட்டாரும் குரலுமாக எடுத்த ஆல்பங்களால் மூத்த பாடகர்களைக் கரையேற்றுபவர் என்று பெயர் எடுத்திருந்தார். டயமண்ட் ஆல்பம் வந்ததும், “ரூபின் இன்னொரு கேஷை உருவாக்கிவிட்டார்” என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேஷ் ஆல்பங்களில் பெரும்பகுதி மற்றவர்களின் பாட்டுகள். 2000-ல் வந்த ஆல்பத்தில் கேஷ் பாடியவற்றில் டயமண்டின் ‘சாலிட்டரி மேன்’கூட ஒன்று! ‘12 சாங்ஸ்’ஸில் இருக்கும் பன்னிரண்டும் டயமண்டே எழுதியவை. ரூபின் செய்த முக்கியமான காரியம், அவசரமாக ஸ்டுடியோவுக்குள் போகாமல் இன்னும் எழுது, இன்னும் எழுது என்று காத்திருந்தது. இன்னொன்று, பல வருடங்களாக ரெக்கார்டிங்கில் கிட்டாரைத் தொடாமல் இருந்தவர் கையில் கிட்டாரைக் கொடுத்து, வாசித்துக்கொண்டே பாடு என்று வற்புறுத்தியது. டயமண்டுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ஆல்பத்தின் ரகசியமே அதுதான்: விரல் கிட்டார் கம்பிகளில் கார்டைத் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) தேடிக்கொண்டிருக்கும்போது மேடை நடிப்புக்கு மனதில் இடமில்லை. வரியை இழுத்து, கையை விரித்து, அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பாடும் பழக்கம் தானாக உதிர்ந்துவிடுகிறது.

ரூபினுக்குப் புகழ் சேர வேண்டியதுதான். எதற்கு என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவே. ரூபின் வேலை பிடித்து, பாட்டு பிடிக்காமல் போகலாம். எனக்கே ஆல்பத்தின் பிற்பகுதியில் இரண்டு பாட்டுகளின் வரிகள் ரொம்பவும் சம்பிரதாயமாகத்தான் படுகின்றன.

வட்டின் பாவத்தைப் பாட்டின் தலையில் கட்டுவது

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

‘12 சாங்ஸ்’ வந்த அந்த வருடம் சோனி பிஎம்ஜி நிறுவனம் சில குறுந்தகடுகளில், நகல் எடுப்பதைத் தடுக்க எக்ஸ்சிபி என்றொரு மென்பொருளை வைத்திருந்தது. விண்டோஸ் கணினியில் தகட்டைப் போட்டால் அது தன்னைத் தானே உள்ளே பதித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்ளும். அதே மறைவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிடுங்கி எறியப் பார்த்தால் சிடி டிரைவே வேலை செய்யாமல் போகலாம். மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் 2005 அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்தினார். எட்டு நாள் கழித்து ‘12 சாங்ஸ்’ கடைக்கு வந்தது, உள்ளே அதே மென்பொருளோடு. அடுத்த வாரமே நிறுவனம் 52 ஆல்பங்களைத் திரும்பப் பெற்றது. மொத்தம் 47 லட்சம் தகடுகள் கடைகளுக்குப் போயிருந்தன. அதில் 21 லட்சம் விற்றுவிட்டிருந்தன.

முதல் வாரத்தில் அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடத்தில் நுழைந்த ஆல்பம் இது. பல வருடங்களுக்குப் பிறகு டயமண்டுக்கு அப்படியொரு வரவேற்பு. அந்த நேரத்தில் கடை அலமாரியிலிருந்து தகட்டை எடுக்க வேண்டி வந்தது. மென்பொருள் இல்லாத தகடு பிறகுதான் வந்தது.

காசு கொடுத்து வாங்கிய தகடு கணினியைக் கெடுத்தால் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபத்தில் ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டால், அடுத்து வருபவர் பாட்டுதான் மட்டம் என்று நினைப்பார். இன்றைக்கும் நடக்கிறது. ரெக்கார்டு வளைந்து வந்தது, பார்சல் நசுங்கியது, பழைய பதிவை மெருகேற்றும் ரீமாஸ்டரில் சத்தத்தை ஏற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று எல்லாமே பாடகர் கணக்கில் ஏறுகின்றன. சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில் ஒரு பாட்டு பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் குரலோடு வேறு வடிவத்தில் இருக்கிறது. “அந்தக் கூட்டுக்குரல் பிரமாதம்” என்று ஒருவரும், “எந்தக் கூட்டுக்குரல்?” என்று இன்னொருவரும் ஒரு மணி நேரம் சண்டை போட முடியும். போட்டிருக்கிறோம்.

முத்திரையை வசவாக்குவது

டயமண்ட் மாதிரிப் பாடகர்கள் மேல் ஒட்டப்படும் முத்திரை ‘அடல்ட் கன்டெம்பரரி’. அது என்றாலே லிஃப்டில் ஒலிக்கிற சங்கீதம், பல் டாக்டர் வரவேற்பறைச் சங்கீதம் என்று ஒதுக்குவது ஒரு பழக்கம். அது ஒரு இசை வகையே அல்ல, வானொலி வியாபாரத்தின் சொல். பில்போர்டு பத்திரிகை 1961-ல் ‘ஈசி லிஸ்னிங்’ என்று ஒரு தனிப் பட்டியல் தொடங்கியது. இளவட்டங்களின் ராக் அண்ட் ரோல் வேண்டாம் என்று நினைத்த நேயர்களுக்கான நிலையங்கள் எதைப் போடுகின்றன என்பதன் கணக்கு அது. 1979-ல் இப்போதைய பெயர் வந்தது. யாருக்கு விற்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. பாட்டு எப்படி இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

எண்ணிக்கையும் வயதும்

விற்பனையை வைத்துத் தரம் சொல்வதில் இரு கட்சியாருமே தவறுகிறார்கள். பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் 2000-ல் தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பிறகு மறுபடி பாடப் பழக வேண்டியிருந்தது. 2002 முதல் பழைய அமெரிக்கப் பாட்டுகளை மென்மையாகப் பாடி வரிசையாக ஆல்பங்கள் வெளியிட்டார். விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள், மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2004-ல் வந்த மூன்றாவது ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, கிராமி விருதும் வாங்கியது. விற்றதால் அது நல்லதாகிவிடவில்லை. விற்றதாலேயே மட்டமாகிவிடவும் இல்லை. (எனக்கு அந்த வரிசையில் ஒன்று போதும், ஐந்து அதிகம்.)

அமெரிக்க ஆல்பம் பட்டியலில் டயமண்டுக்கு முதன்முதலாக முதலிடம் கிடைத்தது 2008-ல், 67 வயதில், ரூபினோடு செய்த அடுத்த ஆல்பமான ‘ஹோம் பிஃபோர் டார்க்’ வழியாக. இரண்டில் ‘12 சாங்ஸ்’தான் நல்லது என்பேன். பட்டியல் வேறு சொல்கிறது, சொல்லட்டும்.

“இந்த வயசுலயும் எப்படிப் பாடறார் பாருங்க” என்பதும் பாராட்டு மாதிரி இருக்கும் ஒரு தள்ளுபடி. வயதுக்காக மதிப்பெண் போட்டுவிட்டால் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பாட்டை எடுத்து, ஒரு வரியின் முடிவில் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை அழுத்தாமல் விட்டுவிடுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். கஷ்டம்தான். ஆனால் அப்போதுதான் எதிரில் இருப்பவருக்கு ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ ஏதாவது கிடைக்கும்.

மாமாவோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னது சரி என்று போன் செய்தபோது, “நல்லாத்தான் இருக்கு, ஆனா ‘ஹாட் ஆகஸ்ட் நைட்’ மாதிரி வராது மாப்ள” என்றார். முப்பத்து மூன்று வருட வித்தியாசம் மாமா, அது ஆர்கெஸ்ட்ரா வைத்த கச்சேரி, இது நாலு பேர் ஒரு அறையில் வாசித்தது என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஆர்கன் வாசிப்பது பில்லி பிரஸ்டன், பீட்டில்ஸோடு வாசித்தவர், இந்த ஆல்பம் வந்த அடுத்த ஜூனில் இறந்துபோனார் என்று சொன்னதும் கொஞ்சம் அமைதியானார்.

“எந்தப் பாட்டுல வருது?” என்றார். கேட்டுக் கண்டுபிடியுங்கள் என்று இந்த முறை நான் வைத்துவிட்டேன்.