எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் வலிக்கிறது: கீழ்க்கால் எலும்பு விரிசலில் நடக்கும் தவறுகள்

"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தாராளமாக ஓடுங்கள்." ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் விஷயத்தில் இதைவிட ஆபத்தான ஆறுதல் கிடையாது. இது அடிபட்டு முறிகிற எலும்பு அல்ல. ஓட்டம், அணிவகுப்பு, குதிப்பு என்று ஒரே சுமை திரும்பத் திரும்ப விழ, எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் சேதம் முந்திக்கொண்டு உண்டாகும் மயிரிழை விரிசல். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கி, புது எலும்பு படிந்த பிறகுதான் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

அடுத்த குழப்பம் ஷின் ஸ்பிளிண்ட்ஸ், அதாவது ஓடுபவர்களுக்கு முன்னங்காலில் வரும், விரிசல் இல்லாத வலி. இதைப் பிரித்தறிய முதலில் விரல் போதும். ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்றால் டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) உள்விளிம்பு நெடுக, 5 சென்டிமீட்டருக்கும் மேல் வலி பரவியிருக்கும். விரிசல் என்றால் "இங்கேதான்" என்று ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். முதலில் ஓடினால் வலி, அப்புறம் நடந்தாலே வலி, பிறகு படுத்தாலும் வலி என்று அது வளரும்.

விரிசல்தான் என்று தெரிந்த பிறகும், எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விடுகிறார்கள். என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். டிபியாவின் பின்புற உள்பக்கம் அமுக்கத்தைத் தாங்கும் பக்கம்; அங்கே வரும் விரிசல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். முன்பக்கம் இழுவிசைக்கு உட்படுவது. நடுத்தண்டில் முன்பக்கமாக எக்ஸ்ரேயில் குறுக்கே ஒரு கருங்கோடு தெரிந்தால், எலும்பு மாதக்கணக்கில் ஒன்றுசேராமல் போகலாம், முழுதாக முறியவும் செய்யலாம். சிலருக்கு எலும்புக்குள் கம்பி வைக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் "ஆறு வாரம் ஓய்வு" என்று ஒரே சீட்டு எழுதினால் எப்படி?

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாள்காட்டியை மட்டும் நம்பித் திரும்ப ஓடுவதும் தவறு: நடக்கும்போதும் அழுத்தும்போதும் வலி போயிருக்க வேண்டும். பயிற்சியைத் திடீரென்று கூட்டினார்களா, செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடுகிறார்களா, வைட்டமின் டி குறைவா, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றிருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பினால், இன்னொரு விரிசலோடு வந்து நிற்பார்கள்.

நோயாளியின் கோப்பில் "கால் வலி, விரிசல்" என்று மட்டும் எழுதுவது யாருக்கும் உதவாது. வலதா இடதா, டிபியாவா ஃபிபுலாவா (பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பு), எந்த மட்டம், எந்தப் பக்கம், வலி எப்போது தொடங்கியது, பயிற்சியில் என்ன மாறியது என்பதெல்லாம் இருக்க வேண்டும். நோய்களுக்குக் குறியீடு கொடுக்கும் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் வலது டிபியா எம்84.361, இடது எம்84.362. பலர் பழக்கதோஷத்தில் அடிபட்ட முறிவுக்கான எஸ்82-ஐப் போட்டுவிடுகிறார்கள். குறியீட்டின் கடைசியில் சேர்க்கும் ஏழாவது எழுத்தும் முக்கியம்: சிகிச்சை நடக்கும்போது ஏ, ஒழுங்காக ஆறிவரும் கட்டத்தில் டி, ஆறத் தாமதமானால் ஜி, எலும்பு ஒன்றுசேராமலே போனால் கே. மூன்று மாதம் கழித்தும் வலிக்கிறது என்பவரின் கோப்பில் இன்னும் டி இருந்தால், யாரோ பழைய குறிப்பை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள்.