தண்ணீர் நிற்கும் தோட்டத்துக்கு டஹூன் ஹாலி: நடவு முதல் பழம் வரை

அமெரிக்காவின் புளோரிடாவில் பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கும். ஜூனில் மழை பிடித்தால் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். வைத்த செடியெல்லாம் வேரழுகிப் போகும். அந்த இடத்துக்கு டஹூன் ஹாலியை வையுங்கள். அந்த மண்ணின் சதுப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக வளர்கிற மரம் அது. ஆண்டு முழுக்கப் பச்சை இலை, இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழம். 20 முதல் 30 அடி உயரமும் 8 முதல் 15 அடி அகலமும் வரும். கிறிஸ்துமஸ் அட்டையில் காணும் ஐரோப்பிய ஹாலியைப் போல இலையோரம் முள்ளாகக் குத்தாது.

தண்ணீர் நிற்பதால் இந்த மரம் சாவது அரிது. வறட்சி, சுண்ணாம்பு மண், ஆழமாக நடுவது இந்த மூன்றும்தான் பெரும்பாலும் இதைக் கெடுக்கின்றன.

1. மண்ணைப் பாருங்கள்

நடப்போகும் இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காயவைத்து, அதன் மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. டஹூனுக்கு அமில மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாததுதான் காரணம். கான்கிரீட் சுவரையும் நடைபாதையையும் ஒட்டி நடக்கூடாது என்பதும் இதனால்தான். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கசிந்து மண்ணில் இறங்கும்.

2. ஆணா பெண்ணா என்று பார்த்து வாங்குங்கள்

இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண் மரத்தில்தான். பழத்தோடு நிற்கும் கன்றை வாங்கினால் சந்தேகமே வேண்டாம். வசந்தத்தில் வாங்கினால் பூவை விரலால் விரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூ, நான்கு இதழ், அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நடுவில் பச்சையாக உருண்டு திரண்ட சூலகம் இருந்தால் பெண். நடுவில் ஒன்றும் திரளாமல் நான்கு மகரந்தக் கால்கள் மஞ்சள் பொடியோடு நிமிர்ந்து நின்றால் ஆண். பெண் பூவிலும் மகரந்தக் கால்கள் இருக்கும், ஆனால் பொடி இருக்காது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெண் மரங்கள் சிலவற்றுக்கு ஓர் ஆண் மரம் போதும், தேனீ பார்த்துக்கொள்ளும். விதை போட்டு வளர்க்க நினைத்தால் முளைக்கவே ஒன்று முதல் மூன்று ஆண்டு ஆகலாம். பூக்கும் வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தொடக்கக்காரர்கள் கன்றாகவே வாங்குவது நல்லது.

3. நடவு

மழை தொடங்கும் ஜூன் நல்ல நேரம். தொட்டியிலிருந்து கன்றை எடுத்ததும் மேல்மண்ணை விரலால் சுரண்டி, தண்டிலிருந்து முதல் வேர் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நர்சரித் தொட்டிகளில் அது பலமுறை மண்ணுக்குள் புதைந்திருக்கும். வேர்ப்பந்தை, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையை, சுற்றி வளையம் போட்ட வேர்களை ஓர் அங்குலம் சீவி எடுத்துவிடுங்கள். விட்டால் பின்னாளில் அவை தண்டையே இறுக்கும்.

குழியின் அகலம் வேர்ப்பந்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தைவிடக் கொஞ்சம் குறைவு. நட்டபின் வேர்ப்பந்தின் தலை தரைக்கு மேல் 1 முதல் 2 அங்குலம் தெரிய வேண்டும். ஈரம் தாங்கும் மரத்துக்கு ஏன் இந்த மேடு என்று தோன்றும். சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்புகளில் போய்ப் பாருங்கள்: டஹூன் மேட்டுத் திட்டுகளிலும் மக்கிய அடிக்கட்டைகளின் மேலும் கால் ஊன்றி நிற்கும். வேருக்கு ஈரம் வேண்டும், தண்டின் அடிக்குக் காற்று வேண்டும்.

தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், எருவெல்லாம் கலக்க வேண்டாம். மேலே பைன் ஊசி அல்லது மரப்பட்டை மூடாக்கு 2, 3 அங்குலம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள்.

4. தண்ணீர்

தண்டின் ஒவ்வோர் அங்குலத் தடிமனுக்கும் ஒரு தடவைக்கு 8 முதல் 11 லிட்டர். முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வேர் பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை. நல்ல மழை பெய்த நாளில் ஊற்ற வேண்டாம். நவம்பர் முதல் மே வரை நீளும் வறண்ட பருவத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளம் காய்ந்ததும் மரத்தின் உச்சி மெலிந்து, இலை உதிரத் தொடங்கும்.

5. கவனிக்க வேண்டியவை

கிளையில் முண்டுமுண்டாக வீங்கி, அங்கிருந்து துடைப்பம் போலக் குச்சிகள் கிளம்பினால் அது பூஞ்சைக் கழலை. மருந்தடித்துப் பயனில்லை. வீக்கத்துக்குப் பல அங்குலம் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். துடைக்காவிட்டால் நீங்களே அடுத்த கிளைக்கு நோயைக் கொண்டுபோவீர்கள். இலையில் கரிபோலப் படிந்தால் செதில் பூச்சி இருக்கிறதா என்று இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்.

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, குளிர்காலக் கடைசியில், துளிர் விடும் முன். பூத்தபின் வேலிபோல மட்டமாக வெட்டினால் அந்த ஆண்டுப் பழம் அந்தக் கிளைகளோடு போய்விடும்.

அக்கம்பக்கத்தில் 'புளோரிடா ஹாலி' என்று சொல்லி இலவசமாகக் கன்று கொடுத்தால் வாங்கும் முன் இலையைக் கசக்குங்கள். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருந்து, மிளகும் டர்பன்டைனும் கலந்த வாடை அடித்தால் அது பிரேசில் மிளகு மரம். அதற்கும் குளிர்காலத்தில் சிவப்புப் பழம்தான். ஆனால் காட்டையே மூடிவிடும் ஆக்கிரமிப்புத் தாவரம் அது, தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

டஹூன் பழம் பறவைகளுக்கு விருந்து. மனிதருக்கும் நாய்க்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உதிர்ந்த பழங்களை அன்றாடம் கூட்டி எடுங்கள்.