பனிக்காலப் பண்ணையில் கிறிஸ்துமஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து கோழி, நாலைந்து ஆடு, விறகு அடுப்பு எரியும் ஒரு வீடு. கனடாவின் ஒன்டாரியோ கிராமப்புறத்தில் இப்படிச் சிறு பண்ணை வைத்திருப்பவர்களுக்கு டிசம்பரில் வேலை இரட்டிப்பாகும். வெளியே மைனஸ் 20 வரை இறங்கும் குளிர். உள்ளே மரம், கேக், விருந்தாளிகள். சொந்த ஊரில் ஆடு கோழியோடு வளர்ந்தவர்களுக்கும் இந்தக் குளிர் புதிதுதான்.

இறகும் உரோமமும் உள்ள பிராணி வறண்ட குளிரை நன்றாகவே தாங்கும். ஈரம், தாகம், தீ ஆகிய மூன்றைத்தான் தாங்காது. குளிரை மட்டும் பார்த்து இந்த மூன்றையும் மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

கோழிக் கொட்டகையை இறுக்கி அடைப்பது

இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் அடித்து, ஜன்னலை மூடி, கோழிகளைக் கதகதப்பாக வைத்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. இரவு முழுக்க மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். காலையில் ஜன்னலின் உட்புறத்தைப் பாருங்கள். நீர்த்துளியோ வெள்ளைப் பனிப்படலமோ இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அந்த ஈரம் கொண்டையில் படிந்து உறையும்போது நுனி முதலில் வெளிறும், பிறகு கறுத்து உதிரும். லெக்ஹார்ன் போன்ற பெரிய ஒற்றைக் கொண்டை இனங்களுக்கு இது சீக்கிரம் வரும். கியூபெக்கில் உருவான சாண்டெக்ளேர் இனத்துக்குக் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. குளிர்நாட்டுக்கென்றே பார்த்துப் பார்த்து உருவாக்கிய கோழி அது.

காற்றுத் துளைகள் கூரையை ஒட்டி, கோழிகள் அடையும் கட்டைக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கட்டும். மரநாய் வகைகள் நுழையாதபடி 12 மில்லிமீட்டர் கம்பிவலை அடியுங்கள். அடையும் உயரத்தில் மட்டும் காற்று நேராக வீசக்கூடாது. கட்டை உருண்டையாக இருந்தால் விரல்கள் வெளியே தெரியும். 2க்கு 4 அங்குல மரச்சட்டத்தின் அகலப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் கோழி அதில் உட்கார்ந்து, வயிற்று இறகால் காலை மூடிக்கொள்ளும். தரையில் மரச்சீவல் 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிடுங்கள். இருட்டில் கோழி குடிக்காது, பாத்திரம் ஈரத்தைத்தான் கூட்டும்.

250 வாட் சூட்டு விளக்கைத் தொங்கவிடுவது இதைவிடப் பெரிய தவறு. காய்ந்த தூசி, சீவல், பறக்கும் கோழிகள், ஒரு கிளிப்பில் நிற்கும் விளக்கு. கொட்டகை எரிய இதற்குமேல் எதுவும் வேண்டாம். தீ பிடிக்காவிட்டாலும், சூட்டுக்குப் பழகிய கோழிக்குப் பனிப்புயலில் மின்சாரம் போகும் இரவுதான் ஆபத்து. வளர்ந்த, நலமான கோழிக்கு விளக்குச் சூடு தேவையே இல்லை.

கேக்குக்கு முட்டை இல்லாத டிசம்பர்

டிசம்பர் 21 வாக்கில் ஒன்டாரியோவின் தெற்கில் பகல் சுமார் 9 மணி நேரம்தான். நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பல்பு போட்டுவிட்டு முட்டைக்குக் காத்திருப்பதில் பயனில்லை. கோழியின் உடல் முட்டையிடத் திரும்ப சில வாரங்கள் ஆகும். செய்வதானால் இலையுதிர் காலத்திலேயே தொடங்கி, வாரம் அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். சிறிய எல்.இ.டி. பல்பும் டைமரும் போதும். கூடுதல் வெளிச்சம் விடியலுக்கு முன் வரட்டும். மாலையில் சட்டென்று அணைந்தால் கட்டையில் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். இறகு உதிர்க்கும் கோழியை இப்படித் தூண்டாதீர்கள். புது இறகு முளைக்கவே அதற்குத் தெம்பு வேண்டும்.

அக்டோபர், நவம்பர் முட்டைகளைக் கழுவாமல் ஃபிரிட்ஜில் சேர்த்து வைப்பது எளிய வழி. கடும் குளிர் நாளில் இரண்டு மூன்று முறை முட்டை எடுங்கள். உறைந்து ஓடு விண்ட முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீரும் பிளக்கும்

பனியைத் தின்று ஆடு சமாளித்துக்கொள்ளும் என்று விடக்கூடாது. தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் உடல் சூடு குறையும். காயடித்த கிடாக்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: தண்ணீர் குறைந்து தானியம் கூடினால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். கிடா முக்கி முக்கி நின்றும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் ஆடு தானாகவே நிறையக் குடிக்கும்.

முற்றத்தில் இருக்கும் உறையாத குழாயில் ஹோஸை மாட்டியே விட்டுவிடுவது வருடா வருடம் நடக்கும் தவறு. அந்தக் குழாயின் வால்வு மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இருக்கிறது. கைப்பிடியை இறக்கியதும் நிமிர்ந்த குழாயில் நிற்கும் தண்ணீர் அடியிலுள்ள சிறு துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும். அது உறையாததற்குக் காரணமே இதுதான். ஹோஸ் மாட்டியிருந்தால் காற்று உள்ளே வராது, தண்ணீர் வடியாது, அன்றிரவே குழாய் வெடிக்கும். கைப்பிடியைப் பாதியில் நிறுத்துவதும் அதே அளவு கெடுதல். அடித்துளை வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்து, சுற்றியுள்ள சரளையெல்லாம் நனைந்து, பிறகு வடிய இடமிருக்காது.

தொட்டித் தண்ணீரை உறையாமல் வைக்கும் ஹீட்டர் பெரும்பாலும் 1500 வாட். 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் நீண்ட நேரம் ஓடும் சுமை 12 ஆம்பியருக்குள் இருப்பதுதான் முறை. ஹீட்டர் ஒன்றே அந்த அளவைத் தாண்டுகிறது. அதே சர்க்யூட்டில் கொட்டில் முகப்புக்கு வண்ண விளக்குச் சரத்தையும் மாட்டினால், பிரேக்கர் விழுந்து விடிவதற்குள் தொட்டி பனிக்கட்டியாகிவிடும். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் ஹீட்டரை மாட்டினால் ஒயரே சூடேறும். ஹீட்டருக்கு 20 ஆம்பியரில் தனி சர்க்யூட் கொடுத்து, அலங்கார விளக்கை வேறு சர்க்யூட்டில் வையுங்கள்.

குளிரென்று தானியம் கொட்டுவது

ஆட்டுக்கு உள்ளிருந்து சூடு தருவது உலர்ந்த புல். அதன் நார் வயிற்றில் புளிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. குளிர் கூடும் இரவில் கூட்ட வேண்டியதும் புல்லைத்தான். திடீரென்று ஒரு வாளி மக்காச்சோளம் வைத்தால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு சாகவும் கூடும். 50 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளுக்கு 2 கிலோ என்று வைத்தால், மேய்ச்சல் இல்லாத 180 நாளில் 4 ஆட்டுக்கு 1,440 கிலோ ஆகும். 20 கிலோ கட்டு என்றால் 72. காலில் மிதித்து வீணாவதையும் சேர்த்து 85 கட்டாவது அடுக்கி வையுங்கள். பிப்ரவரியில் நல்ல புல் தேடி அலைவது பெரும்பாடு.

கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய கேக்கும் சாக்லேட்டும் கொட்டிலுக்குப் போகக்கூடாது, இறைச்சி பட்ட எதுவும் போகக்கூடாது. செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்திருந்தால் வெள்ளாட்டுக்கான தீவனத்தைச் செம்மறிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறிக்கு நஞ்சு.

விறகு அடுப்பு

இந்த இலையுதிர் காலத்தில் வெட்டிய விறகு இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆகாது. ஈரம் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கியில் தார் படியும். பரிசு சுற்றிய காகிதத்தை மொத்தமாக அடுப்பில் திணித்தால் எழும் சுவாலை அந்தத் தாரைப் பற்றவைக்கும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத் திண்ணையில் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். உள்ளே தணல் சில நாள்கூட உயிரோடு இருக்கும்.

வான்கோழி

சொந்த வான்கோழியை 24ஆம் தேதி அறுத்து 25ஆம் தேதி அடுப்பில் வைத்தால் இறைச்சி ரப்பராக இருக்கும். அறுத்ததும் விறைக்கும் தசை தளர ஃபிரிட்ஜில் ஒரு நாளாவது வேண்டும், இரண்டு நாள் இன்னும் நல்லது. அறுப்பதற்கு முன் 12 மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம்.

உறைந்த பறவை ஃபிரிட்ஜில் இளக, கிலோவுக்கு 10 மணி நேரம் வேண்டும். 7 கிலோவுக்கு முழுதாக 3 நாள். இடமில்லை என்று திண்ணையில் வைக்காதீர்கள். பகல் வெயிலில் மேல்தோல் சூடாகும், இரவில் மறுபடி உறையும், ரக்கூன் வேறு வரும். முழுப் பறவை வெந்ததா என்று தொடையின் பருத்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானி குத்திப் பாருங்கள். 82 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

மரம்

கிறிஸ்துமஸ் மரமாக வெட்டிய பால்சம் ஃபர் என்ற ஊசியிலை மரத்தை நேராகக் கொண்டுவந்து நிறுத்தினால், அடிப்பகுதியில் பிசின் இறுகியிருப்பதால் தண்ணீர் ஏறாது. நிறுத்துமுன் அடியில் 2 சென்டிமீட்டர் அறுத்து எடுங்கள். தாங்கியில் நுழையவில்லை என்று பட்டையைச் செதுக்காதீர்கள். தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான். முதல் நாளில் சில லிட்டர் குடிக்கும், அடி ஒருபோதும் தண்ணீருக்கு மேலே தெரியக்கூடாது. அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், இன்னும் தள்ளினால் நல்லது.

ஜனவரியில் அந்த மரத்தை ஆட்டுக்குப் போடலாம், ஆசையாகத் தின்னும். ஜிகினா இழை, கொக்கி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு, ரசாயனமோ நிறமோ தெளிக்காத மரமாக இருந்தால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சினை ஆட்டுக்குப் பைன் கிளை வேண்டாம். கதவில் தொங்கிய பசுங்கிளை வளையத்தைக் கூடச் சேர்த்து எறிந்துவிடாதீர்கள். அதில் யூ என்ற நச்சு மரத்தின் கிளை கலந்திருக்கலாம். ஒரு கைப்பிடி யூ இலை ஓர் ஆட்டைக் கொல்லப் போதும்.