பெரிய செய்தி ஓடும் நாளில் வாடிக்கையாளரின் செய்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிவு, பட்ஜெட், புயல் என்று ஏதேனும் ஒன்று நாளிதழ்களின் பக்கங்களை நிறைத்துவிடும் நாள்களில்தான், "நம் செய்தி ஏன் வரவில்லை?" என்ற கேள்வி மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படுகிறது. பெரிய செய்தி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால், அனுப்பியவரின் அவசரத்தாலேயே பல செய்திகள் குப்பைக்குப் போகின்றன.

நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிப்பது முதல் தவறு. 2024 மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடைபெறும் என்பது மார்ச் 16-ஆம் தேதியே அறிவிக்கப்பட்டுவிட்டது. அத்தகைய நாளில் வணிகச் செய்தியாளரும் கேமராக் குழுவும்கூட வாக்கு எண்ணும் மையங்களுக்கு அனுப்பப்படுவார்கள் என்பதால், ஹோட்டல் அரங்கில் கூட்டும் செய்தியாளர் சந்திப்பில் நாற்காலிகள்தான் மிஞ்சும். பண்டிகை நாள்களையும் கவனிக்க வேண்டும். பொங்கல், தீபாவளி போன்றவற்றுக்குப் பத்திரிகை அலுவலகங்கள் விடுமுறை விட்டால் மறுநாள் நாளிதழே வராது.

பேரிடருக்குத் தேதி கிடையாது. 2015 வெள்ளத்தில் மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் செல்ல முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. செய்தியாளரின் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும் வேளையில் கடைத் திறப்பு விழாவின் படங்களை அனுப்புவது, அந்த ஒரு செய்தியோடு நிற்காமல் அடுத்து நாம் அனுப்பும் எல்லாவற்றின் மீதும் வெறுப்பை உண்டாக்கும். ஆகவே, மழை வலுத்ததும் முதல் வேலையாக, தானாகச் செல்லும்படி நேரம் குறித்து வைத்திருக்கும் மின்னஞ்சல்களை நிறுத்துங்கள்.

பெரிய செய்தியோடு வாடிக்கையாளரை வலிந்து ஒட்டுவது இன்னும் மோசமான தவறு. வெள்ளத்தைக் காரணம் காட்டி மெத்தைக்குத் தள்ளுபடி அறிவிப்பது செய்தி ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது. அதே வேளையில், உங்கள் வாடிக்கையாளர் ஒரு மருத்துவமனை என்றால் வாசகருக்கு உண்மையாகவே உதவ முடியும். வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைப் பொதுமருத்துவர் ஒருவரின் பெயரோடு நான்கு வாக்கியங்களில் எழுதி, அவர் எத்தனை மணி முதல் தொலைபேசியில் பேசுவார் என்பதையும் சேர்த்து அனுப்பினால், செய்தி ஆசிரியர் அதைத் தேடி எடுப்பார். அதில் மருத்துவமனையின் பெயர் ஒருமுறை வந்தால் போதும். பத்தாம் ஆண்டு விழாவைப் பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள்.

அனுப்பும் முறையிலும் கவனம் தேவை. பரபரப்பான நாளில் துணை ஆசிரியருக்கு மொழிபெயர்க்கவோ எழுத்துரு மாற்றவோ நேரம் இருக்காது. ஆங்கில அறிக்கையைப் பி.டி.எஃப். வடிவில் அனுப்பாமல், யூனிகோடு தமிழில், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகக் குறிப்பிடுங்கள். வெளியூர்ப் பதிப்புகளின் பக்கங்கள் நகரப் பதிப்புக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், மாவட்டச் செய்தியை மாலைவரை வைத்திருக்காதீர்கள். பக்கம் முடிக்கும் நேரத்தில் "மெயில் பார்த்தீர்களா?" என்று தொலைபேசியில் நச்சரிப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

பணம் கொடுத்தாவது செய்தியாகப் போடவைக்கலாம் என்று வாடிக்கையாளர் சொன்னால், உறுதியாக மறுத்துவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கும் இடம் விளம்பரம். அது 'விளம்பரம்' என்ற குறிப்போடுதான் வர வேண்டும்.

முதல் பக்கம் நிச்சயம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் பழக்கம்தான் இத்தனை அவசரத்துக்கும் வேர். அதற்குப் பதிலாக, காத்திருந்தால் கிடைக்கக்கூடிய இடங்களை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அரசு அலுவலகங்கள் இயங்காத ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாகச் செய்தி வரத்துக் குறைவு. திங்கள்கிழமை நாளிதழில் நல்ல செய்திக்கு இடம் இருக்கும். கெடு இல்லாத செய்தியைச் சனிக்கிழமை காலையிலேயே, படங்களோடு செய்தியாளரிடம் கொடுத்துவிடலாம்.