வாஷிங்டன் போனால் ஜெர்மன் விமானங்களைத் தவறவிடாதீர்கள்

நகர மையத்தில் இருக்கும் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின் அபூர்வ ஜெர்மன் விமானங்கள் வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அதே அருங்காட்சியகத்தின் கிளையான உட்வார்-ஹேஸி மையத்தில் இருக்கின்றன. அனுமதி இலவசம், கார் நிறுத்தத்தான் காசு.

முதலில் அராடோ 234-ஐத் தேடுங்கள். உலகின் முதல் ஜெட் குண்டுவீச்சு விமான வகை. உலகில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். இறக்கைக்கு அடியில் குனிந்து பாருங்கள், மேலெழும்ப உதவும் ராக்கெட்டுகள் தொங்கும். வேலை முடிந்ததும் அவை கழன்று பாராசூட்டில் தரையிறங்கும்.

அடுத்து டோர்னியர் 335. மூக்கில் ஒரு எஞ்சின், விமானியின் முதுகுப்பக்கம் ஒன்று, வாலிலும் ஒரு புரொப்பெல்லர். விமானி குதிக்கும்போது அதில் அடிபடக்கூடாதே! அதனால் வால் துடுப்பையும் பின் புரொப்பெல்லரையும் வெடித்துத் தள்ள வெடிமருந்து வைத்திருந்தார்கள். 1970-களில் புதுப்பித்தபோது அது அப்படியே உள்ளே இருந்ததாம்!

வாலே இல்லாத ஹோர்டன் 229-இல் ஒட்டுப்பலகை உரிந்து கிடப்பது தெரியும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். புதிதுபோல மெருகேற்றியிருந்தால், ஜெட் எஞ்சினைச் சுற்றி மரத்தை வைத்துக் கட்டியது இப்படித் தெரியாது.

அப்புறம், உயர நடைபாதையில் ஏறிப் பாருங்கள். விமானங்களின் முழு வடிவம் அங்கிருந்துதான் பிடிபடும்.